பூட்டுக்கு ஏற்றிய கற்பூரம்

"சொன்ன ஆளு சொல்லை மாத்திக்கிட்டுப் போயிட்டான். அவனை நம்பிச் சத்தியம் பண்ணுனவிய மட்டும் எதுக்கப்பா அதைக் கட்டிக்கிட்டு அழுகோணும்? பன்னெண்டு வரைக்கும் படிச்சவன்தானே, சொல்லு."

மாசாணம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கடப்பாரையை மண்ணில் ஊன்றிவிட்டு, வேலிக்காகப் புதிதாக நட்ட ஒரு கல்லுக்காலில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். அந்தக் கல்லுக்காலை நட்டதும் அவன்தான். அது நின்ற இடத்தில் அதற்கு முன்பு ஒரு வழி இருந்தது. அவன் தங்கை வேலைக்குப் போன வழி. தன் தங்கையின் வழியைத் தன் கையாலேயே அவன் அடைக்கும்படி ஆனது எப்படி என்பதுதான் இந்தக் கதை.

வெள்ளகோவிலிலிருந்து முத்தூர் போகும் ரோட்டில் இருக்கிறது வேப்பங்காட்டுவலசு. ஊர் ரோட்டை ஒட்டியே இருக்கும். காலனி மட்டும் உள்ளே தள்ளி, காடு தோட்டமெல்லாம் தாண்டி. காலனிக்காரர்கள் ரோட்டுக்கு வர ஓர் இட்டேரி உண்டு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்குத் தடம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. ஆனாலும் அது யாரிடமும் கேட்காமல் நடக்கக்கூடிய வழி. அதை விட்டால் வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்கி, ஊர் முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு வாசலிலும் "எங்கடி கிளம்பிட்டே இந்நேரத்துக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

இட்டேரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த தோட்டம் இரண்டும் காலனிக்காரர்கள் பண்ணாடி என்று கூப்பிடும் அழகிரிசாமியுடையவை. நடுவில் கிடக்கும் தடத்தை அடைத்து இரண்டையும் ஒரே தோட்டமாக்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. அவருக்கு ஒரு தேங்காய்க் களமும் இருந்தது. மாசாணம் அங்கேதான் வேலை செய்தான். மட்டை உரித்த தேங்காயை அரிவாளால் இரண்டாகப் பிளந்து, வெயிலில் பரப்பி, பருப்பு சுருங்கிக் கழன்றதும் நோண்டி எடுக்கும் வேலை. அவன் அம்மா பழனியாத்தாள் அதே அழகிரிசாமி தோட்டத்தில் களை வெட்டினாள். தங்கை எழில் மட்டும்தான் அந்தக் குடும்பத்தில் அழகிரிசாமியின் மண்ணை மிதிக்காமல் சோறு தின்றவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விடிகாலையில் கம்பெனி வேன் இட்டேரி முனையில் வந்து நிற்கும். வேன்காரன் ஹாரனை இரண்டு தடவை அடிப்பான். மூன்றாவது தடவை அடிக்கிற வழக்கமே கிடையாது. இட்டேரி இல்லையென்றால் வேன் இல்லை. வேன் இல்லையென்றால் எழிலும் களைக்கொத்தோடு அம்மாவுக்குப் பக்கத்தில் குனிய வேண்டியதுதான். இது காலனியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

இனி மாசாணத்துக்குப் பிடித்த பித்தைச் சொல்ல வேண்டும்.

'எரிமலை நாயகன்' கதிர்வேந்தனை அவன் முதன்முதலில் பார்த்தது டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து. அந்தப் படத்தில் கதிர்வேந்தன் ஒரு பண்ணையார் வீட்டுத் தலைவாசல் வழியாகச் செருப்புக் காலோடு உள்ளே போவார். பண்ணையார் எழுந்து நிற்பார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் மணலில் உட்கார்ந்திருந்த மாசாணத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவன் அப்பன் சாகும் வரைக்கும் ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்ட ஆள். அன்றைக்கு மாசாணம் அடித்த விசிலிலும் போட்ட கூச்சலிலும் தொண்டை கட்டிக்கொண்டு மறுநாள் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு கதிர்வேந்தன் அவனுக்கு நடிகர் இல்லை. அண்ணன்.

காலனியில் அண்ணனுக்கு ஒரு ரசிகர் மன்றம் வைத்தார்கள். மாசாணம் செயலாளர். அவன் சிநேகிதன் சாமுவேல் தலைவர். சாமுவேலுக்கு ரோட்டு முனையில் ஒரு தையல் கடை இருந்தது. வாயிலும் ஒரு கத்தரிக்கோல் இருந்தது.

ஊருக்குள்ளும் அதே அண்ணனுக்கு வேறொரு மன்றம். அதற்குத் தலைவன் லட்சுமிநாராயணன், அழகிரிசாமியின் அக்கா மகன். ஒரே அண்ணனுக்கு ஒரே ஊரில் இரண்டு மன்றமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊரில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். டீக்கடையில் தம்ளர் இரண்டு என்றால் மன்றமும் இரண்டுதானே. புதுப்படம் வந்தால் வெள்ளகோவில் தியேட்டரில் கட்டவுட்டுக்கு ஊர் மன்றத்து மாலைதான் முதலில் ஏறும். காலனி மன்றம் அதுவரை மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு வெயிலில் நிற்கும்.

"அண்ணன் எல்லாத்துக்கும் அண்ணன்தான்டா," என்பான் சாமுவேல். "ஆனா அவுரு கழுத்து மட்டும் ஊர்க்காரங்களுது."

"வாயை மூடு. அண்ணனுக்கு இது தெரிஞ்சா சும்மா உடுவாருன்னா நெனைக்கறே?"

"தெரியட்டும், தெரியட்டும். நம்ம மாலைதான் வாடிப் போகுது."

இப்படி இருக்கும்போது பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. பல வருசம் நடக்காமல் கிடந்த தேர்தல். தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் யார் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாதவர் யார்? இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கோவிந்தராஜுலு வாத்தியார், கட்டில் சின்னம். காலனி இட்டேரி புறம்போக்குத் தடம், அதை அளந்து கல் போட்டுத் தார் ரோடாக்க வேண்டும் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்தவர். இன்னொருவர் அழகிரிசாமி, பூட்டுச் சின்னம்.

காலனி ஓட்டு வாத்தியாருக்குத்தான் என்பதில் அதுவரை சந்தேகமே இருக்கவில்லை. அழகிரிசாமிக்கே இருக்கவில்லை. அதனால்தான் அவர் காலனிப் பக்கம் ஓட்டுக் கேட்டுக்கூட வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமுவேல் வீட்டு டிவியில் அண்ணன் பேசினார். வீடு கொள்ளாத கூட்டம், ஜன்னலில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள். வெள்ளை ஜிப்பாவும் கூப்பிய கையுமாக வந்த அண்ணன் நாடு கெட்டுவிட்டது என்றார். புதிய அணி ஒன்று உருவாகியிருக்கிறது, உள்ளாட்சியிலும் அந்த அணியின் கையைப் பலப்படுத்த வேண்டும் என்றார். கடைசியில் விரலை நீட்டி, "இது வேண்டுகோள் இல்லை, என் ரசிகன்கிட்ட நான் உரிமையோட சொல்ற வார்த்தை" என்றார். மாசாணம் எழுந்து நின்று கை தட்டினான். அந்த விரல் தன்னைப் பார்த்து நீண்டதாகவே அவனுக்குத் தோன்றியது.

கை தட்டி முடித்த பிறகுதான் சாமுவேல் மெதுவாகச் சொன்னான். "அந்த அணிக்கு நம்மூர்ல யாருன்னு தெரியுமாடா? அழகிரிசாமி."

வீட்டில் சண்டை. எழில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "உங்க அண்ணனுக்கு நம்ம இட்டேரி எந்தத் திக்குல இருக்குதுன்னு தெரியுமா?"

"அவுரு நாட்டையே பாக்கறவரு. உன்ற இட்டேரி ஒண்ணுதான் அவுருக்கு வேலையா?"

"நான் நாட்டுலயா நடந்து போறேன்? இட்டேரியிலதானே நடக்கறேன்!"

பழனியாத்தாள் இடையில் புகுந்தாள். "ஏஞ்சாமி, அந்தத் தம்பி பாக்க லட்சணமாத்தான் இருக்குது. நான் இல்லீங்கல. ஆனா பண்ணாடிக்கு ஓட்டுப் போட்டா அவுரு தடத்தை உடுவாராடா?"

"எல்லாம் நான் பேசிக்கறேன் ஆத்தா."

பேசுவதற்கு அவன் போக வேண்டியிருக்கவில்லை. பேச்சு அவனைத் தேடிக்கொண்டு களத்துக்கே வந்தது. மறுநாள் லட்சுமிநாராயணன் வண்டியை நிறுத்திவிட்டுத் தேங்காய்க் குவியலைத் தாண்டி வந்தான். "ஏனுங்க மாசாணம், வேலையா இருக்கறீங்களா?" என்றான். அதுவரை அவன் வாயிலிருந்து 'டேய்' தவிர வேறு எதுவும் மாசாணத்தைப் பார்த்து வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் 'ங்க' போடாத பேச்சே கிடையாது என்பார்கள். நாய்க்குக்கூடப் 'போங்க' சொல்வோம் என்று கேலி செய்வார்கள். ஆனால் அந்த 'ங்க' இட்டேரி தாண்டிக் காலனிப் பக்கம் வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தது. மாசாணத்துக்கு அரிவாளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"அண்ணன் சொன்னதைக் கேட்டீங்கல்ல? இனிமே நமக்குள்ள என்னத்துக்கு ரெண்டு மன்றம்? தேர்தல் முடியட்டும், ஒரே மன்றம், ஒரே போர்டு. நான் தலைவர், நீங்க செயலாளர். கோயமுத்தூர் மாநாட்டுக்கு அண்ணன் வாராரு. மேடையில அவுருக்குப் பக்கத்துல ஒரு கட்டால நானு, மறு கட்டால நீங்க. மாலையை ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டிரலாம்."

"அந்த இட்டேரி..." என்று இழுத்தான் மாசாணம்.

"தடத்தை எவன் அடைக்கப் போறான்? எங்க மாமன் அடைக்கறதுன்னா இத்தனை வருசத்துல அடைச்சிருக்க மாட்டாரா? ஒண்ணே ஒண்ணுதான். காலனி ஓட்டு முழுசா உழுகோணும். வாயில சொன்னா மாமன் நம்ப மாட்டாரு. கருப்பராயன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சொல்லீருங்க. 'பூட்டுக்குத்தான் ஓட்டு'ன்னு வெளிப்படையாச் சொல்லோணும்."

கற்பூரம் அணைப்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. சாமி கல்லுக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சுடரை உள்ளங்கையால் அடித்து அணைப்பார்கள். அணைத்த பிறகு சொல்லை மாற்றினால் குடும்பம் விளங்காது. கோழி திருடினவன்கூடப் போலீசில் பொய் சொல்லுவான், கற்பூரத்துக்கு முன்னால் சொல்ல மாட்டான். நிலத் தகராறு, தாலித் தகராறு போன்றவற்றுக்குத்தான் அதை வெளியில் எடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் ஒரு நடிகர் டிவியில் சொன்ன சொல்லுக்கு முட்டுக் கொடுத்ததுதான் மாசாணம் செய்த தப்பு. அப்போது அவனுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. அண்ணன் பக்கத்தில் மேடையில் நிற்கப் போகிற ஆளுக்கு எது தப்பாகத் தெரியும்?

மன்றத்துப் பையன்கள் வீடு வீடாகப் போனார்கள். பெற்றவர்களிடம் கெஞ்சினார்கள், சோறு தின்னாமல் கிடந்தார்கள். பூச்சி மருந்தைக் குடித்துவிடுவேன் என்று மிரட்டியவனும் உண்டு. பிள்ளைக்காகத்தான் கடைசியில் ஒவ்வொருவராகக் கோயிலுக்கு வந்தார்கள். அழகிரிசாமிக்காக ஒருவரும் வரவில்லை.

மத்தியான வெயிலில் கருப்பராயன் கல்லைச் சுற்றிக் கூட்டம். லட்சுமிநாராயணன் கொஞ்சம் தள்ளி வண்டியில் சாய்ந்து நின்றான். மாசாணம் முதலில் அணைத்தான். "அண்ணன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பூட்டுக்குத்தான் எங்க ஓட்டு." பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து, "பூட்டுக்குத்தான் ஓட்டு" என்று சொல்லி அணைத்தார்கள். கற்பூரம் மறுபடி மறுபடி ஏற்றப்பட்டது.

சாமுவேல் முறை வந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நாங்க வேதக்காரங்க. எனக்குக் கருப்பராயன் ஆகாது."

"அப்ப பைபிள்ல கையை வெச்சுச் சொல்லு."

"அதுலதான்டா சத்தியமே பண்ணாதேன்னு போட்டிருக்குது. அதுலயே கையை வெச்சு எப்படிப் பண்றது?"

கூட்டம் சிரித்தது. "தலைவன் பாரு, தப்பிச்சுக்கிட்டான்!" என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஓட்டுதானே என்று விட்டுவிட்டார்கள்.

பழனியாத்தாள் கடைசியாக வந்தாள். "கண்ணு, ஓட்டைப் போடுன்னா போட்டுட்டுப் போறேன். இது என்னத்துக்கு?"

"எல்லாரும் அணைச்சாச்சு ஆத்தா. செயலாளர் ஊட்டுலயே அணைக்கலீன்னா என்ற மானம் போயிரும்."

அவள் அணைத்தாள். முதல் தடவை சுடர் அணையவில்லை. இரண்டாம் தடவை அழுத்தி அடித்தாள். எழில் அந்நேரம் கம்பெனியில் இருந்தாள். இருந்திருந்தாலும் அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு இன்னும் ஓட்டு வயசு வரவில்லை.

தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலைக்குக் கிளம்பிய எழில் போன வேகத்தில் திரும்பி வந்தாள். "எந்திரி. வந்து உன்ற அண்ணன் செஞ்ச காரியத்தைப் பாரு."

இட்டேரி முனையில் லாரியிலிருந்து கல்லுக்கால்களை இறக்கிப் போட்டிருந்தார்கள். வேலிக்கு நடுகிற நீளக் கல். பக்கத்தில் முள்கம்பிச் சுருள்கள். கிளுவை வேலியின் ஒரு முனையை வெட்டிச் சாய்த்தும் ஆகிவிட்டது. மாசாணம் பார்த்துக்கொண்டே நின்றான். வேன் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. எழில் கற்களை மிதித்துத் தாண்டி ஓடினாள்.

அன்று சாயங்காலம் இரண்டாவது இடி. மறுபடியும் டிவியில் அண்ணன் வந்தார். இந்தத் தடவை விரலை நீட்டவில்லை. அவரது பேச்சைச் சிலர் தவறாகப் பயன்படுத்திக்கொண்டார்களாம். அவர் கலைஞர் மட்டும்தானாம், அரசியல் அவருக்கு வேண்டாமாம், எந்த அணிக்கும் அவர் ஆதரவு இல்லையாம். "ரசிகர்கள் அவங்கவங்க மனசாட்சிப்படி ஓட்டுப் போடட்டும்" என்று சொல்லிச் சிரித்துக் கும்பிட்டார். அடுத்து சோப்பு விளம்பரம் வந்தது.

சாமுவேல்தான் டிவியை அணைத்தான். "அவுரு மனசாட்சி டிவிக்கு வரும்போதெல்லாம் மாறும்போல," என்றான்.

ஆனால் மாசாணத்துக்கு அதிலும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அண்ணன் சொன்னதற்காகத்தானே சத்தியம்? அண்ணனே மாற்றிக்கொண்டார். அப்படியென்றால் சத்தியமும் போச்சு. கட்டிலுக்குப் போடலாம், இட்டேரி பிழைக்கும். அந்த நிமிசமே வீடு வீடாகக் கிளம்பினான். எந்தக் கதவைத் தட்டிப் பூட்டுக்கு ஓட்டுக் கேட்டானோ, அதே கதவு.

ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கற்பூரத்துக்கு முன்னால அந்த நடிகனா நின்னான்? நாமதானே நின்னோம்."

"என்ற மருமக மாசமா இருக்கறா. உன்ற பேச்சைக் கேட்டு ஒருக்கா கையைச் சுட்டுக்கிட்டேன். மறுக்கா வயித்தைச் சுட்டுக்கச் சொல்றியா?"

"போடா, போய் உன்ற அண்ணன்கிட்ட இட்டேரி போட்டுத் தரச் சொல்லு."

கடைசியில் அம்மா காலடியில் வந்து உட்கார்ந்தான். "நீயாவது கட்டில்ல குத்து ஆத்தா. உன்ற மகளுக்காக."

பழனியாத்தாள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "மகளுக்காகத்தான்டா முடியாதுங்கறேன். சத்தியத்தை மீறுனா சாமி என்னையா கேக்கும்? வயசுக்கு வந்து நிக்கற பிள்ளையைத்தானே கேக்கும்."

"வாக்கை வாங்குனவன் நான்தானே? நான் உட்டுட்டேன் ஆத்தா. போதுமா?"

"நீ எங்கடா வாங்குனே? பூட்டுக்குன்னுதானே சொன்னோம். வாங்குனது பண்ணாடி. வாங்குனவரு கோயிலுக்கு வந்து, கற்பூரத்தைப் பாத்து, 'உட்டுட்டேன்'னு சொல்லட்டும். அப்பறம் யாரு சொல்றதுக்கு வேணும்னாலும் குத்தறோம்."

அதுவும் வழக்கந்தான். வாக்கு வாங்கியவர் விட்டுக்கொடுத்தால் கொடுத்தவருக்கு விடுதலை. மாசாணம் அதையும் செய்தான். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அவன் மறுநாள் காலையில் அழகிரிசாமி முன்னால் போய்க் கை கட்டி நின்றான்.

அழகிரிசாமி களத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க மொதலாளி. ஒரு ஒதவி. அண்ணன் பேச்சை மாத்திட்டாருங்க."

"பாத்தேன், பாத்தேன். கூத்தாடிக்கு என்னங்க, ரெண்டு வேசமும் போடுவாரு."

"எங்க சனம் சத்தியத்தை நெனச்சுப் பயப்படுதுங்க. நீங்க கோயிலுக்கு வந்து உட்டுட்டேன்னு ஒரு வார்த்தை..."

அவர் காபியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாசாணத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டுச் சொன்னார். "நான் யாரையும் சத்தியம் கேக்கலீங்களே தம்பி. நீங்களாப் பண்ணுனீங்க. அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் உள்ளதுங்க. அதுல நான் நடுவுல வந்தா சாமி குத்தம் ஆயிராதுங்களா?"

"அந்தக் கல்லுக்கால் எதுக்குங்க?"

"காட்டுக்கு வேலி வேண்டாங்களா? ஆடு பூந்து மேஞ்சு போடுது." பிறகு கொஞ்சம் குனிந்து, "ஏனுங்க, உங்காளுங்க வாக்கு மாற மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மட்டும்தான் அவர் உண்மையாகப் பேசினார்.

தேர்தலன்று பெண்கள் விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். ஓட்டுப் போட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போக வேண்டுமே. ஆண்கள் அவர்களுக்குப் பிறகு. மாசாணம் கால் போகாமல் கடைசியாகத்தான் போனான். மையை வைத்து, கலர் கலராகச் சீட்டுகளை மடித்துக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போய்த் தலைவர் சீட்டை விரித்தான். கட்டில், பூட்டு. முத்திரையைக் கையில் எடுத்தபோது உள்ளங்கை எரிவது போல் இருந்தது. கட்டில் பக்கம் கையைக் கொண்டுபோனான், முடியவில்லை. ஊருக்கெல்லாம் சத்தியத்தை விடச் சொன்னவனுக்குத் தன் கையே ஒத்துக்கொள்ளவில்லை. பூட்டில் குத்தினான்.

குத்திய பிறகுதான் அது மனசில் பட்டது. பூட்டுக்குக் குத்துகிறேன் என்றுதானே சொன்னோம்? குத்தியாயிற்று. கட்டிலில் குத்த மாட்டேன் என்று எவன் சொன்னான்? கட்டிலிலும் ஒன்று குத்தினான். இரண்டிலும் முத்திரை விழுந்தால் சீட்டு செல்லாது. சத்தியமும் மீறவில்லை, அழகிரிசாமிக்கு ஓட்டும் இல்லை. காலனியே இப்படிச் செய்திருந்தால்...

சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே ஓடினான். வரிசையில் காலனி முகம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமுவேல் மட்டும் நின்றான்.

"நான் கட்டில்ல குத்துனேன்டா," என்றான் சாமுவேல். மாசாணம் தான் செய்ததைச் சொன்னான். சாமுவேல் முதல் தடவையாகக் கிண்டலாக எதுவும் சொல்லவில்லை. "நேத்தே இது தோணியிருக்கக் கூடாதா உனக்கு?" என்றான்.

அழகிரிசாமி ஜெயித்தார். காலனி விலகி நின்றிருந்தாலே தோற்றிருப்பார், அவ்வளவு சின்ன வித்தியாசம். வெடி வெடித்தார்கள். மாலை போட்ட கழுத்தோடு ஊர்வலம் வந்தார். காலனி முனை வரை வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

அந்த வாரமே களத்து மேஸ்திரி மாசாணத்திடம் கடப்பாரையைக் கொடுத்தான். தேங்காய் வரத்து இல்லையாம், வேலி வேலைக்குப் போக வேண்டுமாம். மாட்டேன் என்றால் அவனுக்கும் வேலை இல்லை, அம்மாவுக்கும் தோட்டத்தில் வேலை இல்லை. இட்டேரி முனைக்குப் போனபோது லட்சுமிநாராயணன் நின்றிருந்தான்.

"டேய் மாசாணம், குழியை ஆழமாத் தோண்டு. காத்துக்குச் சாஞ்சிரப் போகுது."

'ங்க' போய்விட்டது. மாசாணம் கேட்டான். "அந்த ஒரே மன்றம்..."

"அண்ணன்தான் அரசியலே வேண்டாம்னுட்டாரே. அப்பறம் என்னடா மன்றம்?"

அவன் தோண்டினான். கல்லை நட்டு, மண் போட்டு மிதித்துக் கெட்டித்தான். கம்பி இழுத்துக் கட்டும்போது பழனியாத்தாள் அந்தப் பக்கத் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மகனைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

எழில் கொஞ்ச நாள் வாய்க்கால் மேட்டைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். இரண்டு ஹாரனுக்குள் அவளால் வந்து சேர முடியவில்லை. வேன்காரன் வேறு பெண்ணை ஏற்றிக்கொண்டான். இப்போது அவள் அம்மாவுக்குப் பக்கத்தில், அழகிரிசாமி தோட்டத்தில், களைக்கொத்தோடு குனிந்திருக்கிறாள். கூடப்பிறந்தவனிடம் சண்டை போடுவதில்லை. சோறு போட்டு வைக்கிறாள், பேசுவதில்லை. சண்டை போட்டால் பரவாயில்லை என்கிறான் மாசாணம்.

கோவிந்தராஜுலு வாத்தியார் இட்டேரிக்காக வழக்குப் போட்டிருக்கிறார். வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. கதிர்வேந்தன் பொங்கலுக்கு ஒரு புதுப்படம் கொடுத்தார். அதில் ஏழைகளின் நிலத்தைப் பிடுங்குகிற ஒருவனைச் சுவரோடு சேர்த்து அறைகிறாராம். தியேட்டரில் விசில் பறந்ததாம். சாமுவேல் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். மாசாணம் போகவில்லை.

அவன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நல்ல பதில் இல்லை. சொல்லை மாற்றிக்கொள்ள வசதி வேண்டும். அந்த நடிகர் மாற்றிக்கொண்டால் மறுநாள் அவர் கார் போகிற ரோட்டில் ஒரு கல்லும் முளைக்காது. பழனியாத்தாளுக்குச் சொல்லைத் தவிர வேறு சொத்து இல்லை. இருந்த ஒன்றை மகன் கேட்டான், கொடுத்துவிட்டாள். கொடுத்ததைத் திருப்பி வாங்க அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடியும் தேர்தல் வரப் போகிறது. கதிர்வேந்தன் மறுபடி பேசப் போவதாகச் சொல்கிறார்கள். யார் பக்கம் என்று சுவரெல்லாம் கேள்வி எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, நெஞ்சில் ஏதோ ஒரு அண்ணனின் படத்தைக் குத்திக்கொண்டு திரிகிற பையன் நிச்சயம் ஒருவன் இருப்பான். அவனைத் திட்டாதீர்கள், திட்டினால் காதில் ஏறாது. பஸ்ஸுக்கு நிற்கும்போதோ டீ குடிக்கும்போதோ மாசாணத்தின் கதையை அவனிடம் சொல்லிவிடுங்கள். எழில் நடந்த இட்டேரியில் இன்றைக்கு எது நிற்கிறது என்று சொல்லுங்கள். கேட்டவன் இன்னொருவனுக்குச் சொல்லட்டும். யாராவது ஒருவன் அம்மாவின் கையைப் பிடித்துக் கற்பூரத்துக்கு முன்னால் இழுத்துப் போவதற்குள் இது அவன் காதில் விழுந்தால் போதும்.